குத்துப் பாட்டும் பீட்கிரிட்டும்: மயூர் விஹாரில் ஒரு டிஜிட்டல் டீஜே செட்

தில்லி மயூர் விஹாரில் ஏதாவது ஒரு ஹவுசிங் சொசைட்டியின் விழாவில் பாட்டுப் போட உட்காருகிறவரிடம் வந்து சேரும் விருப்பச் சீட்டுகளே அந்தப் பேட்டையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். மயூர் விஹார் முதல் கட்டத்தில் (ஃபேஸ்-1) உத்தர குருவாயூரப்பன் கோயிலைச் சுற்றி மலையாளிகளும் தமிழர்களும் இருக்கிறார்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு பஞ்சாபிகள், வங்காளிகள், மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். ஒரு சீட்டில் ‘அப்படிப் போடு’, அடுத்ததில் ‘ஜிமிக்கி கம்மல்’, பின்னாலேயே ஒரு பாங்க்ரா. நடுவில் ஒரு பெரியவர் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை எழுதி அனுப்புவார். வேகமும் நடையும் வேறு வேறான இந்தப் பாட்டுகளை ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். டிஜிட்டல் டீஜே கருவிகளை நாம் எடைபோட வேண்டிய இடம் இதுதான். பெர்லினிலோ ஆக்லாந்திலோ உட்கார்ந்து அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் இப்படியொரு சீட்டுக்கட்டை மனதில் வைத்து எழுதவில்லை.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்?” என்பது; மென்பொருளைக் கையால் இயக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். கடைக்காரரும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டும் என்பது என் கருத்து. முதலில் எந்தப் பாட்டுகளைப் போடப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். அந்தப் பாட்டுகளைச் சரியாகக் கையாளும் மென்பொருளை அடுத்துத் தீர்மானிக்க வேண்டும். கன்ட்ரோலர் அந்த மென்பொருளுக்கு ஏற்றதாக அமைய வேண்டும். எஃபெக்ட் எல்லாவற்றுக்கும் பின்னால். காரணம் எளியது. கன்ட்ரோலரை நாலைந்து ஆண்டுகளில் மாற்றிவிடலாம். ஆயிரம் பாட்டுக்குக் கையால் குறித்து வைத்த க்யூ புள்ளிகளும் (பாட்டில் தாவ வேண்டிய இடங்களின் குறிகள்) தாளக் கோடுகளும் மென்பொருளுக்குள் இருக்கின்றன. அந்த உழைப்பை இன்னொன்றுக்கு மாற்றுவது லேசான காரியமில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டு இயக்கியைக் கொண்டுவந்தது. 1979இல் வந்த எம்கே2 மாடலில்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீளமான ஃபேடர் வந்தது. இன்றைய எல்லா கன்ட்ரோலரிலும் வலப்பக்கம் இருக்கும் டெம்போ ஃபேடருக்கு அதுவே மூத்தது. 2001இல் பயனியரின் சிடிஜே-1000, குறுந்தகட்டையும் இசைத்தட்டைப் போலக் கையால் இழுக்க வழி செய்தது. அதே காலத்தில் நெதர்லாந்தில் உருவான ஃபைனல் ஸ்கிராட்ச், நேரக்குறியீடு பதித்த இசைத்தட்டைக் கொண்டு கணினியில் இருக்கும் பாட்டை ஓட்டியது. நியூசிலாந்தின் செராட்டோ 2004இல் ஸ்கிராட்ச் லைவை வெளியிட்டது. 2003இல் ஹெர்குலிஸ் டீஜே கன்சோல் வந்தது. 2010இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிராக்டர் கன்ட்ரோல் எஸ்4 வந்த பிறகு, லேப்டாப்பும் ஒற்றைப் பெட்டியும் சேர்ந்த அமைப்பு உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் கல்யாண வீட்டுத் திண்ணையோரம் இசைத்தட்டைக் கவனமாகத் துடைத்து வைத்து, எந்தச் சடங்குக்கு எந்தப் பாட்டு என்று அறிந்து போட்ட மைக்செட்காரர்களையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டை ஒட்டும் வசதி அவர்களுக்கு இல்லை. கூட்டத்தின் மனதறிந்து அடுத்த பாட்டை எடுக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது.

இனி பாட்டுக்கு வருவோம். மென்பொருளுக்குள் ஒரு பாட்டைப் போட்டதும் அது முதலில் தாளத்தைக் கணக்கிட்டு, ஒலி அலையின் மேல் சீரான இடைவெளியில் கோடுகள் போடுகிறது. இதுதான் பீட்கிரிட். இரண்டு பாட்டைத் தானாக ஒட்டும் சிங்க் பொத்தான், நாலு அடி திரும்பத் திரும்ப ஓடும் லூப், தாளத்தோடு விழும் எக்கோ எல்லாமே இந்தக் கோடுகளை நம்பி நடக்கின்றன. கோடு பிசகினால் அத்தனையும் பிசகும்.

சீக்வென்சர் வைத்துச் செய்யப்பட்ட பாட்டுகளில் சிக்கலே இல்லை. ‘ரௌடி பேபி’யோ ‘அரபிக் குத்து’வோ போட்டால் முதல் கோடு சரியாக விழுந்தது என்றால் கடைசிக் கோடும் சரியாக விழும். எண்பதுகளின் பாட்டு அப்படியில்லை. மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தது அது. பல்லவியில் 118 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 118 அடி) போய்க்கொண்டிருக்கும் தாளம் இடையிசையில் உற்சாகம் ஏறி 121 ஆகும், சரணத்தில் மறுபடி அடங்கும். மூன்று பிபிஎம் என்பது சிறியதாகத் தெரியலாம். ஒரு நிமிடத்தில் மூன்று அடி விலகிவிடும் என்பதுதான் அதன் பொருள். அந்த நேரத்தில் சிங்க் பொத்தானை அழுத்தியவர் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே கூசுவார்.

இதைச் சரிசெய்யும் வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால்தான் மென்பொருள்களின் வேறுபாடு புரியும். பாட்டின் முதல் அழுத்தமான அடியில் கோட்டை நிறுத்துகிறோம். ஒன்றரை நிமிடம் தாண்டி இடையிசைக்குத் தாவினால், தபேலாவின் இடக்கை அடி கோட்டுக்குச் சற்று முன்னாலேயே எழுந்து நிற்கிறது. கோட்டை இழுத்து அடியின் நெற்றியில் வைக்கிறோம். பழைய முறையில் இப்படி இழுத்தால் பாட்டு முழுக்க எல்லாக் கோடும் சேர்ந்து நகரும், பல்லவி கெட்டுவிடும். நெகிழும் கிரிட் உள்ள மென்பொருளில் இந்த இடத்தில் ஒரு புதிய முளையை அடித்தால், அதற்கு முன்னால் இருப்பது அப்படியே நிற்கும், பின்னால் இருப்பது மட்டும் மாறும். ஒரு பாட்டுக்கு ஆறேழு முளை போதும். செராட்டோவில் இந்த வசதி பல ஆண்டுகளாக உண்டு. ரெகார்ட்பாக்ஸில் அலசும்போதே ‘டைனமிக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். டிராக்டருக்கு இது 2024இன் நான்காம் பதிப்பில்தான் வந்தது. பழைய திரைப்பாட்டுகளை அதிகம் போடுகிறவர் அதற்கு முந்தைய டிராக்டரைப் பழைய லேப்டாப்போடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் நம்முடையது, இன்னும் ஆழமானது. டப்பாங்குத்தில் பெரும்பகுதி திஸ்ர நடையில் நடக்கிறது: ஒரு அடிக்குள் மூன்று சிற்றடி. மென்பொருளோ நாலாகவும் இரண்டாகவும் பிரியும் தாளத்தையே எதிர்பார்க்கிறது. நிமிடத்துக்கு 100 அடி போகும் ஒரு குத்துப் பாட்டில் 300 சிற்றடிகள் இருக்கும். அவற்றை மூன்று மூன்றாகக் கட்டாமல் இரண்டிரண்டாகக் கட்டினால் 150 என்று வரும். பாட்டுப் பட்டியலில் 150 என்று நிற்கும் குத்துப் பாட்டுகளைப் பார்த்தால் அநேகமாக இந்தப் பிழைதான். அந்த எண்ணை நம்பி ஒரு வேகமான மின்னணுப் பாட்டோடு ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். மருந்து எளிது. பாட்டைக் கேட்டபடி காலைத் தட்டி, அந்தத் தட்டலையே ‘டேப்’ பொத்தானில் அடித்து எண்ணை நாமே திருத்த வேண்டும். ரெகார்ட்பாக்ஸில் அலசலின் பிபிஎம் எல்லையை முன்கூட்டியே குறுக்கி வைத்தும் பிழைகளைக் குறைக்கலாம். குத்துப் பாட்டுகளுக்குத் தனி அடுக்கு வைத்து, அலசியதும் ஒவ்வொன்றையும் காதால் சரிபார்த்துவிடுவது நல்ல பழக்கம். பாங்க்ராவின் டோல் வாசிப்பிலும் இதே மூன்றின் ஊசல் உண்டு. அதனால்தான் குத்தும் பாங்க்ராவும் ஒன்றோடொன்று அழகாக ஒட்டுகின்றன. தில்லிக்காரர்களின் காலுக்கு நம் குத்து அந்நியமாகப் படாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பின்னணியில் மென்பொருள்களைப் பார்க்கலாம். பயனியரின் ரெகார்ட்பாக்ஸ் 2009இல் வந்தது. பயனியர் டீஜே கருவிகளைச் செய்யும் நிறுவனத்தின் பெயர் 2020 முதல் ஆல்ஃபாதீட்டா. பெரிய கிளப்புகளில் அவர்களுடைய சிடிஜே வரிசைக் கருவிகளே நிறைந்திருப்பதால், ரெகார்ட்பாக்ஸில் தயாரித்த பாட்டுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால் க்யூ, கிரிட் எல்லாம் அங்கேயும் அப்படியே கிடைக்கும். கனாட் பிளேஸிலோ ஏரோசிட்டியிலோ வாசிக்கும் ஆசை உள்ளவருக்கு வேறு யோசனையே வேண்டாம். செராட்டோ ஸ்கிராட்ச் கலைஞர்களின் வீடு. ஹிப்ஹாப் பக்கம் சாய்கிறவர்களுக்கு அதன் கைச்சொடுக்கு பிடித்துப்போகும், அதன் திரையும் தெளிவு. டிராக்டரின் எஃபெக்டுகளின் ஒலித்தரத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். வர்ச்சுவல் டீஜே கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர்களின் நண்பன். ஏறக்குறைய எந்தக் கன்ட்ரோலரைச் செருகினாலும் அடையாளம் கண்டுகொள்ளும், வீடியோவும் கரோக்கேயும் உள்ளேயே உண்டு. ஐபேட் மட்டும் வைத்திருப்பவருக்கு அல்காரிதிமின் டீஜே செயலி. கடைசியாக மிக்ஸ் (Mixxx). திறந்த மூலம், இலவசம், லினக்ஸிலும் ஓடும். நாலைந்து வருடப் பழைய லேப்டாப்பும் குறைந்த காசும் கையில் உள்ள மாணவர் இதில் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது லேசில்லை என்று முதலில் சொன்னேன். அதன் விவரம் இது. க்யூ புள்ளிகளை மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனாலும் சில எம்பி3 கோப்புகளில் எல்லாக் குறிகளும் சுமார் 26 மில்லிவிநாடி தள்ளி விழும். எம்பி3 பாட்டைச் சின்னச் சின்னச் சட்டங்களாக வெட்டிச் சேமிக்கிறது. ஒரு சட்டத்துக்கு 1,152 ஒலிக்கூறுகள். விநாடிக்கு 44,100 கூறுகள் என்ற கணக்கில் அது சுமார் 26 மில்லிவிநாடி. முதல் சட்டத்தை ஒரு மென்பொருள் எண்ணும், இன்னொன்று எண்ணாது. ஹெட்ஃபோனில் பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் உறுத்தும். ஆயிரம் பாட்டில் எந்த நூறு பாட்டுக்கு அப்படி ஆகியிருக்கிறது என்று தேடுவது பல இரவுகளைத் தின்னும். ஆகவே முதல் நூறு பாட்டைக் குறிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று மென்பொருள்களை இலவசப் பதிப்பில் போட்டுப் பார்த்து முடிவெடுத்துவிடுவது நல்லது. சோதனைக்கு ஒரு பழைய இளையராஜா பாட்டு, ஒரு குத்து, ஒரு பாங்க்ரா, புதிதாய் ஒன்று. இந்த நாலும் ஒழுங்காக நிற்கிற மென்பொருள் உங்களுடையது.

மென்பொருள் முடிவானதும் கன்ட்ரோலரின் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். பெட்டியை வாங்கினால் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு திறக்கும் என்பதே முதல் கேள்வி. உதாரணமாக, 2022 கடைசியில் அறிவிக்கப்பட்டு இன்று தொடக்கநிலையில் பரவலாக வாங்கப்படும் பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, ரெகார்ட்பாக்ஸைத் தனிச் சந்தா இல்லாமல் திறக்கும். செராட்டோவில் லைட் பதிப்பை மட்டுமே திறக்கும், புரோவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு மென்பொருளின் முத்திரையும் இருக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு.

அடுத்து கவனிக்க வேண்டியது டெம்போ ஃபேடர். 1983இல் உருவான மிடி என்ற செய்திமுறையில் சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு 0 முதல் 127 வரையே மதிப்பு உண்டு. கூட்ட 8, குறைக்க 8 என்று 16 சதவீத அகலத்தை 127 படியாகப் பிரித்தால் ஒரு படி 0.126 சதவீதம். 120 பிபிஎம் பாட்டில் அது 0.15 பிபிஎம். இரண்டு பாட்டையும் காதால் ஒட்டி வைத்தாலும், ஒரு படி பிசகினால் ஒரு நிமிடத்தில் சுமார் 75 மில்லிவிநாடி விலகிவிடும். நல்ல கன்ட்ரோலர்கள் இரட்டைச் செய்தி அனுப்பி இந்தப் படிகளைப் பல மடங்கு நுணுக்கமாக்குகின்றன. சிங்க் எடுபடாத பழைய பாட்டுகளைப் போடுகிற நமக்கு இது அழகுக்கான வசதி இல்லை, அடிப்படைத் தேவை. ஃபேடரை நூலளவு நகர்த்தி, திரையில் பிபிஎம் எந்த அளவு தாவுகிறது என்று பாருங்கள். புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம் ஒவ்வொன்றாக நகர வேண்டும். ஃபேடர் நீளமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. சின்னப் பெட்டிகளின் குட்டையான ஃபேடரில் பெரிய விரல் உள்ளவர்கள் திண்டாடுவார்கள்.

மூன்றாவது, உள்ளே சவுண்ட் கார்டு இருக்கிறதா என்பது. அடுத்து வரப்போகிற பாட்டை ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டு ஒட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர். அதற்கு இரண்டு தனித்தனி ஒலிப்பாதை வேண்டும். 2019இல் வந்த டிடிஜே-200 போன்ற மிக மலிவான பெட்டியில் சவுண்ட் கார்டே இல்லை. ஒரு பிரிப்பு வயரை வைத்துச் சமாளிக்க வேண்டும், அப்போது ஒலி ஒற்றைத் தடமாகிவிடும். அதைவிட இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துக் காத்திருக்கலாம். ஹெர்குலிஸின் இன்பல்ஸ் வரிசையும் நியூமார்க்கின் மிக்ஸ்டிராக் வரிசையும் குறைந்த விலையில் சவுண்ட் கார்டோடு கிடைக்கின்றன. ஒலி தாமதமும் இங்கேதான் தீர்மானமாகிறது. தாங்கல் அளவை 256 கூறாக வைத்தால் சுமார் 6 மில்லிவிநாடி, 512 என்றால் 12, 1,024 என்றால் 23. ஜாக் வீலைத் (கையால் சுற்றும் வட்டை) தொட்டதும் ஒலி அசைய 12க்குள் இருப்பது நல்லது. புளூடூத் ஸ்பீக்கரை இதோடு சேர்க்கவே கூடாது. அதன் தாமதம் நூறு மில்லிவிநாடியைத் தாண்டிப் போகும்.

வெளியே போகும் துளைகளையும் எண்ணிப் பாருங்கள். தொடக்கநிலைப் பெட்டிகளில் ஆர்சிஏ மட்டுமே இருக்கும். அதன் வயரை ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தால் இரைச்சலும் கூடவே வந்துவிடும். பெரிய பெட்டிகளில் எக்ஸ்எல்ஆர் இருக்கும். சின்னப் பெட்டியோடு சமுதாயக் கூடத்துக்குப் போகிறவர் இரைச்சலைக் குறைக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் வந்தால் அது எர்த் சுற்றுக் கோளாறு. சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் உறுதி. ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் ஒரே பிளக்பாயின்டிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

தில்லியில் வாழ்கிறவருக்கு இன்னும் இரண்டு கவலை உண்டு. ஒன்று கரண்ட். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கன்ட்ரோலர், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டு அடுக்கு கலையாது. ஸ்பீக்கர் மட்டும் ஜெனரேட்டர் வரும் வரை மௌனமாகும். தனி அடாப்டர் தேவைப்படும் பெட்டி சட்டென்று அணைந்து, திரும்ப எழ நேரம் எடுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் நிச்சயம், சைன் அலை வகையே வேண்டும். இன்னொன்று தூசி. மே, ஜூனில் ஆந்தி எனும் புழுதிப்புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் பால்கனிக் கதவோரம் வைத்த ஃபேடரை நகர்த்தினால் கரகரக்கும். உராய்வே இல்லாத காந்த ஃபேடர் விலை கூடுதல். அது இல்லாதவர் மேலே ஒரு கனத்த துணியாவது போர்த்திவைக்க வேண்டும்.

வாங்குவதற்கு வழி வசதியாகவே இருக்கிறது. மயூர் விஹார்-1 நிலையத்தில் புளூ லைன் ஏறி மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறினால், வடக்கே போகிற வண்டி லால் கிலாவில் இறக்கிவிடும். எதிரேயே லாஜ்பத் ராய் மார்க்கெட், ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் மிக்சரும் மலைபோல் குவிந்த இடம். அதே வயலட் லைனில் தெற்கே போனால் நேரு பிளேஸ்: லேப்டாப், ரேம், எஸ்எஸ்டி. ஸ்பீக்கரை லாஜ்பத் ராயில் காதால் கேட்டு வாங்குங்கள். கன்ட்ரோலரை மட்டும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குவது நல்லது. மென்பொருள் உரிமமும் வாரன்டியும் அந்தப் பில்லில்தான் தொங்குகின்றன. பழையது வாங்கினால் உங்கள் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போய், ஒவ்வொரு ஃபேடரையும் மெல்ல ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பேடையும் அழுத்தி, இரண்டு ஜாக் வீலையும் சுற்றி, ஹெட்ஃபோன் துளையை அசைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பே இல்லாமல் தனித்து இயங்கும் கருவிகளும் இருக்கின்றன: டெனானின் பிரைம் 4 2019இல், பயனியரின் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 2021இல் வந்தன. வாரம் தவறாமல் விழாவுக்குப் போகும் தொழில்காரருக்கு அவை நிம்மதி. கற்கிறவருக்கு அந்த விலை வேண்டாம்.

வாங்கி வந்ததை எங்கே வைத்துப் பழகுவது? தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டிடிஏ) அடுக்குமாடிகளில் ஒரு வீட்டின் சுவர் இன்னொரு வீட்டின் சுவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. தனியார் இடத்திலிருந்து எழும் ஒலி அதன் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. விதி சொல்லும் டெசிபல் ‘ஏ’ எடையிட்டது. மனிதக் காது தாழ்ந்த ஒலியை மந்தமாகக் கேட்பதால், அந்த அளவீடு 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் அடக்கமான எண்ணைக் காட்டும்போதும் கீழ்வீட்டு ஜன்னல் கம்பி அதிரலாம். மீட்டரைக் காட்டி அண்டை வீட்டுக்காரரோடு வாதிடுவதில் நியாயம் இல்லை. சப்வூஃபரை வீட்டில் வைக்காமல், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனும் ஐந்து அங்குல மானிட்டர் இரண்டும் வைத்துக்கொண்டால் போதும். கற்பதில் முக்கால் பங்கு ஹெட்ஃபோனிலேயே நடக்கும்.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கல்யாணத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. கல்யாணங்களில் பாட்டுப் போடுவதற்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் அறிவிப்பும் வெளியிட்டது. சொசைட்டியின் புத்தாண்டு இரவுக்கு அந்தக் கல்யாண விலக்கு பொருந்தாது, உரிமம் தேவையா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் சேவைகளின் சொந்த உபயோகச் சந்தா பொது இடத்துக்குச் செல்லாது. அடித்தளக் கூடங்களில் நெட்வொர்க்கும் கிடைக்காது. பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கோப்பாக வைத்திருப்பதே பத்திரம். மிகக் குறைந்த தரத்தில் எங்கிருந்தோ இறக்கிய பாட்டு போன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்டாலும் ஹாலில் தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கும்.

இனி எஃபெக்ட். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பெரும்பாலான கலவைகளுக்கு எஃபெக்டே தேவைப்படாது. ஈக்யூவே போதும். இரண்டு பாட்டு சேர்ந்து ஓடும்போது ஒரு பாட்டின் பேஸ் மட்டுமே ஒலிக்க வேண்டும். வருகிற பாட்டின் பேஸை முழுக்கக் குறைத்துக் கொண்டுவந்து, சரியான அடியில் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. இதைக் கை பழகாதவர் எத்தனை எஃபெக்ட் போட்டாலும் சத்தம்தான் மிஞ்சும். அடுத்தது ஃபில்டர். ஒரே குமிழ், ஒரு பக்கம் திருப்பினால் மேல் ஒலி மங்கும், மறு பக்கம் கீழ் ஒலி கரையும். இந்த இரண்டைக் கொண்டே ஒரு மாலையை ஓட்டிவிடலாம்.

எக்கோவுக்கு நம் விழாக்களில் உண்மையான வேலை உண்டு. 130இல் ஓடும் பாட்டிலிருந்து 95இல் ஓடும் பாட்டுக்குத் தாவ வேண்டும் என்றால் ஒட்டவே முடியாது. பாடகர் குரல் ஒரு வரியை முடிக்கிற இடத்தில் எக்கோவைத் திறந்து, ஒலியளவு ஃபேடரை மூடி, எக்கோவின் வால் கரைவதற்குள் அடுத்த பாட்டின் முதல் அடியை இறக்குவதுதான் வழி. இதற்கு எஃபெக்ட் ஃபேடருக்குப் பின்னால் அமைந்திருக்க வேண்டும். முன்னால் இருந்தால் ஃபேடரை மூடியதும் வாலும் அறுந்துவிடும். வாங்குமுன் ஒரு பாட்டில் எக்கோவைப் போட்டு ஃபேடரைச் சட்டென்று இறக்கிப் பாருங்கள். ஒலி தேய்ந்து மறைந்தால் அமைப்பு சரி. எக்கோவின் நேரத்துக்குக் கணக்கு ஒன்றுதான்: 60,000ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லிவிநாடி என்று கிடைக்கும். 120க்கு 500. முக்கால் அடிக்கு வைத்தால் 375, கொஞ்சம் துள்ளலாக விழும். எஃப்எல்எக்ஸ்4இல் பீட் எஃபெக்ட் ஒரே இடத்தில், ஒரே ஆழக் குமிழோடு இருக்கிறது. நியூமார்க் மிக்ஸ்டிராக் பிளாட்டினம் எஃப்எக்ஸில் எஃபெக்டை விரலால் தட்டிவிடும் துடுப்புகள் உண்டு. ஒரு சொல்லின் மேல் மட்டும் எக்கோவைத் தொட்டுவிட்டு எடுக்க அந்தத் துடுப்பு அருமை.

ரிவெர்பை நம் கூடங்களில் தொடவே வேண்டாம் என்பேன். வழுவழுப்பான தரையும் வெறும் சுவரும் உள்ள சமுதாயக் கூடம் தானே இரண்டு விநாடி எதிரொலிக்கும். அதற்கு மேல் இன்னொரு அறையின் எதிரொலியை ஏற்றினால் பாட்டின் வரிகள் புரியாமல் போகும். தமிழ்ப் பாட்டைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் வரிக்காகத்தான் கேட்கிறார்கள். ஃப்ளாஞ்சரையும் ரோலையும் மாலைக்கு ஒரு முறை, இரு முறை எடுத்தால் போதும்.

குரலையும் தாளத்தையும் பிரித்துத் தரும் ஸ்டெம் வசதி புதியது, பெரியது. வர்ச்சுவல் டீஜே, அல்காரிதிம் ஆகியவற்றில் 2020 வாக்கில் வந்தது, செராட்டோ 2022 டிசம்பரில் சேர்த்துக்கொண்டது, டிராக்டர் 2024இல். குரல், தாளம், பேஸ், மற்றவை என்று நாலு பெட்டி. மேற்கத்தியப் பாட்டுக்கு அந்த நாலு பெட்டி பொருந்தும். நாதசுரம் வரும் பாட்டைப் பிரித்தால், அது ‘மற்றவை’யில் இருக்க வேண்டியது, குரலோடு ஒட்டிக்கொண்டு வரும் இடங்கள் உண்டு. தவிலின் இரண்டு பக்கமும் தாளத்துக்கும் பேஸுக்குமாகப் பிரிந்துபோகலாம். வன்பொருளின் பலமும் தேவை. 8 ஜிபி ரேம் திணறும், 16 வைத்திருங்கள். ஆனாலும் ஒரு பாங்க்ரா டோலின் மேல் தமிழ்க் குரலை மட்டும் ஏற்றும்போது மயூர் விஹார் மைதானத்தில் எழும் ஆரவாரத்துக்காக இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

திஸ்ரத்தின் சிக்கல் எஃபெக்டிலும் தொடர்கிறது. 100 பிபிஎம் குத்தில் ஓர் அடி 600 மில்லிவிநாடி. சிற்றடிகள் 200இலும் 400இலும் விழுகின்றன. பொத்தான் தரும் அரை அடி எக்கோ 300இல் விழும். இரண்டுக்கும் நடுவே தனியாக நின்று தாளத்தைக் கெடுக்கும். கால் அடி 150, அதுவும் ஆகாது. நமக்கு வேண்டியது மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. பல கன்ட்ரோலர்களின் எஃபெக்ட் பொத்தான்கள் பாதியாக்கவும் இரட்டிக்கவும் மட்டுமே தெரிந்தவை. அப்போது செய்யக்கூடியது முழு அடியில் மட்டும் எக்கோ போடுவது, அல்லது நேரத்தைக் கையால் 200க்கோ 400க்கோ திருப்பி வைப்பது. லூப்பிலும் அப்படியே: ஓர் அடி, இரண்டடி, நாலடி லூப் நன்றாக ஓடும். அரையடியாக நறுக்கினால் குத்தின் நடையே போய்விடும்.

இதைத் தீர்ப்பது கடினமான பொறியியல் இல்லை. காசு வாங்காத மிக்ஸ் மென்பொருளின் எக்கோவில் ‘ட்ரிப்லெட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எக்கோவின் நேரம் மூன்றால் வகுபடும், சிற்றடியில் சரியாக விழும். தன்னார்வத்தில் எழுதுகிறவர்களால் இதைத் தர முடிந்திருக்கிறது என்றால் பெரிய நிறுவனங்களாலும் முடியும். கன்ட்ரோலரில் எஃபெக்ட் நீளத்தை மாற்றும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் மூன்றின் கணக்குக்கு மாற வேண்டும், அலசலில் ‘திஸ்ரம்’ என்று ஒரு தேர்வு இருக்க வேண்டும். ஆல்ஃபாதீட்டாவுக்கும் செராட்டோவுக்கும் தங்கள் பயனர்களிடமிருந்து வசதிக் கோரிக்கை பெறும் வழிகள் உண்டு. குத்தும் பாங்க்ராவும் போடுகிற டீஜேக்கள் சென்னை, தில்லி, கோலாலம்பூர், டொராண்டோ என்று எங்கும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாட்டின் பெயரையும் அதில் அரையடி எக்கோ விழும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதி அனுப்பினால், அடுத்த பதிப்பை எழுதுகிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க அதுவே போதுமான ஆதாரம்.